பழம் நறுக்குகிற கத்திக்கும் சட்டம் உண்டு

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், ஊர் ஈரோடு. சட்டைப்பையில் ஒரு சின்ன மடக்குக் கத்தி இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை. கொய்யா நறுக்க, பார்சல் கயிறு அறுக்க, மாத்திரை அட்டையை வெட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். மே மாதம் மனைவியோடு லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். நடுவில் பத்து நாள் பாரிஸ், கொலோன், சுவிட்சர்லாந்து. அக்டோபரில் டோக்கியோவில் மகன் வீடு. பெங்களூரில் இருக்கும் மூத்த மருமகன் ஒரு நல்ல கத்தி வாங்கித் தந்திருக்கிறார். பிளேடு எட்டரை சென்டிமீட்டர். கட்டைவிரலால் தள்ளினால் திறக்கும், திறந்ததும் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். வெளியூரில் பாதுகாப்புக்கும் ஆகும் என்கிறார். இதை எடுத்துப்போகலாமா? கூடாது என்றால் எல்லா ஊருக்கும் ஒத்துவருகிற ஒரே கத்தி எது? இன்னொன்று: மகளுக்கு ஒரு அரிவாள்மனை கொண்டுபோக வேண்டும் என்று மனைவி பிடிவாதமாக இருக்கிறாள். அதற்கு வழி உண்டா?

பதில்:

அன்புள்ள ஐயா,

மருமகன் தந்த கத்தி ஈரோட்டிலேயே இருக்கட்டும். கத்தியில் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் போகிற நாடுகள் எதையெல்லாம் கூடாது என்கின்றனவோ அதெல்லாம் அந்த ஒரே கத்தியில் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நீளம் லண்டனுக்கு ஆகாது. பூட்டும் லண்டனுக்கு ஆகாது. பூட்டோடு ஒரு கையால் திறக்கிற வசதியும் சேர்ந்தால் கொலோனுக்கு ஆகாது. டோக்கியோவில் அதைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதே வம்பு.

நான் வக்கீல் இல்லை. சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் குழுக்களைக் கூட்டிப்போகிற டூர் மேனேஜர். நம்மவர்களுக்குப் பழம் நறுக்காமல் பயணம் கிடையாது என்பதால் இந்தக் கேள்வி எல்லாக் குழுவிலும் வரும். ‘எத்தனை அங்குலம் வரைக்கும் விடுவாங்க சார்?’ என்றுதான் கேட்பார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. கத்தி திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளுமா? எதற்காக அதை வைத்திருக்கிறீர்கள்? இந்த இரண்டில் கோட்டை விட்டவர்களுக்கு அங்குலக் கணக்கு கைகொடுப்பதில்லை.

நீங்கள் அதிக நாள் தங்கப்போவது லண்டனில் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரிட்டனில் 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், பிரிவு 139. பொது இடத்தில் கூர்மையான எதை வைத்திருந்தாலும் குற்றம் என்று தொடங்கிவிட்டு, ஒரே ஒரு விலக்கு தருகிறது: மடக்குகிற பேனாக்கத்தி, அதன் கூர்ப்பகுதி 3 அங்குலத்துக்கு மேல் போகாமல் இருந்தால். அதாவது 7.62 சென்டிமீட்டர். இந்த விலக்குக்குள் அடங்கினால், ஏன் வைத்திருக்கிறாய் என்பதற்குக் காரணம்கூட நீங்கள் காட்ட வேண்டியதில்லை. அடங்காவிட்டால், தக்க காரணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். குற்றம் உறுதியானால் நான்கு ஆண்டு வரை சிறை போகலாம்.

‘மடக்குகிற’ என்ற சொல்லில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பூட்டுக் கத்தியும் மடங்கத்தானே செய்கிறது என்று நமக்குத் தோன்றும். 1993இல் ஹாரிஸ் என்பவரின் வழக்கில் உயர் நீதிமன்றம் அப்படி இல்லை என்று சொல்லிவிட்டது. எந்த நேரத்திலும் அப்படியே அழுத்தினால் மடங்க வேண்டும். ஒரு பொத்தானையோ தகட்டையோ நகர்த்திய பிறகுதான் மடங்கும் என்றால் அது சட்டம் சொல்கிற மடக்குக் கத்தி ஆகாது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆக, 2 அங்குல பிளேடாக இருந்தாலும், பூட்டு இருந்தால் லண்டன் தெருவில் அது விலக்கு இல்லாத கத்திதான். கடைகளில் அதைத் தாராளமாக விற்கிறார்களே என்பார்கள். விற்பது வேறு, பாக்கெட்டில் போட்டு நடப்பது வேறு.

உங்கள் கத்தியை இப்போதே எடுத்து ஒரு சோதனை செய்து பாருங்கள். கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளுங்கள். கடைசி வரை உங்கள் விரல்தான் பிளேடைக் கொண்டுபோகிறதா, அல்லது பாதியில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிடித்துக்கொண்டு மீதித் தூரத்தைத் தானே விசிறித் திறக்கிறதா? இரண்டாவது வகை என்றால் விஷயம் இன்னும் தீவிரம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பாதி திறந்த நிலையிலிருந்து தானாகப் பாய்கிற கத்தியையும் ஸ்பிரிங் கத்திகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதைப் பிரிட்டனுக்குள் கொண்டுவரக்கூடாது. 2021 முதல் வீட்டு அலமாரியில் வைத்திருப்பதும் குற்றம். செக்-இன் பெட்டியில் போட்டு, மகள் வீட்டு மேசை டிராயரில் பத்திரமாக வைத்துவிடலாம் என்ற யோசனையும் அங்கே செல்லாது. ஆன்லைனில் நம் ஊரில் விற்கிற ‘ரெஸ்க்யூ நைஃப்’, ‘டாக்டிகல் நைஃப்’ வகையறாவில் பாதிக்கு மேல் இப்படிப் பாய்கிறவைதான் என்பது என் அனுமானம்.

விலக்குக்கு வெளியே உள்ள கத்திக்குச் சட்டமே சில காரணங்களைச் சொல்லி வைத்திருக்கிறது: தொழிலுக்காக, சமயத்துக்காக, தேசிய உடையின் பகுதியாக. சமயம் என்றால் சீக்கியர்களின் கிர்பான். தேசிய உடை என்றால் ஸ்காட்லாந்துக்காரர்கள் காலுறையில் செருகிக்கொள்கிற சிறு கத்தி. வேட்டி கட்டி இடுப்பில் கத்தி செருகினால் அந்தக் கணக்கில் வராது. கேட்டுவிட்டார்கள், அதனால் சொல்கிறேன். மற்றபடி முகாமுக்கோ மீன் பிடிக்கவோ போகிற வழியில் வைத்திருந்தால் தக்க காரணமாக ஏற்பார்கள். அதே கத்தி மறுவாரம் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் கோட்டுப்பையில் இருந்தால், ‘எடுத்து வைக்க மறந்துவிட்டேன்’ என்று சொல்லிப் பயனில்லை. மறதி மட்டுமே தக்க காரணம் ஆகாது என்று அங்கத்திய நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. காரும் அடைக்கலம் தராது; சாலையில் நிற்கிற வாடகைக் காரின் முன்டிராயரில் கிடக்கிற கத்தி பொது இடத்தில் இருக்கிற கத்திதான்.

இனி மருமகன் சொன்ன ‘பாதுகாப்பு’. இந்தச் சொல்லைச் சென்னை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு ஏறுங்கள். பிரிட்டனில் 1953ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு எதை வைத்திருந்தாலும், அது திருப்புளியாக இருந்தாலும், ஆயுதம்தான். ‘யாராவது வந்தால் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சட்டத்துக்கு உட்பட்ட இரண்டு அங்குலப் பேனாக்கத்தியும் அந்த நொடியில் ஆயுதமாகிவிடும். நம் ஊரில் பெரியவர்கள் ‘ஒரு இரும்பு கையில இருக்கட்டும்’ என்பார்கள். பேய்க்குச் சொன்னதோ நாய்க்குச் சொன்னதோ, லண்டன் போலீஸ்காரரிடம் அதை மொழிபெயர்த்துச் சொல்லப் போகாதீர்கள். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இதே கதைதான். பாதுகாப்புக்காக என்பதைத் தக்க காரணமாக எடுத்துக்கொள்கிற நாடு உங்கள் பட்டியலில் ஒன்றுகூட இல்லை.

யாரும் சோதிக்காமலே போய்விடலாம் என்பது உண்மைதான். அறுபதைத் தாண்டிய தம்பதியரை யார் நிறுத்துவார்கள்? ஆனால் கத்திக் குற்றங்கள் அங்கே அரசியல் பிரச்சினை. சில ரயில் நிலையங்களின் வாசலில் போலீஸ் உலோகச் சோதனை வளைவு வைத்து எல்லோரையும் அதற்குள் நடக்கவிடுவதுண்டு. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 60ஐ ஒரு பகுதியில் அமல்படுத்தினால், குறிப்பிட்ட நேரத்துக்கு அங்கே சந்தேகமே இல்லாமல் யாரையும் சோதிக்கலாம். அப்படி நிறுத்தினால், கத்தி எங்கே இருக்கிறது என்று வாயால் முதலில் சொல்லுங்கள். உதவி செய்வதாக நினைத்துக் கையைப் பையில் விடாதீர்கள். பழம் நறுக்க என்றால் பழம் நறுக்க என்று மட்டும் சொல்லுங்கள். பேச்சு ஸ்டேஷன் வரை போனால் அங்கே இலவசமாக வழக்கறிஞர் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே பேசுங்கள். எச்சரிக்கையோடு விட்டாலும் அது பதிவாகும். அடுத்த விசா படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் காத்திருக்கும். பேரன் பேத்தியைப் பார்க்கப் போய்வருகிறவர்களுக்குச் சிறையை விட அந்தக் கட்டம்தான் பெரிய தலைவலி.

பாரிஸ் வேறு மாதிரி. அங்கே நீங்கள் பேனாக்கத்தியை அளந்து காட்டிப் பயனில்லை. மடக்குக் கத்தியும் நான்காவது வகை ஆயுதமாகக் கருதப்படலாம். நியாயமான காரணமில்லாமல் எடுத்து நடந்தால் ஓராண்டுச் சிறை, 15,000 யூரோ அபராதம் வரை சட்டத்தில் இடமிருக்கிறது. காரணம் நியாயமா என்பது முதலில் எதிரில் நிற்கிற போலீஸ்காரரின் தீர்மானம். பையில் ரொட்டியும் பழமும் சீஸும் இருக்க, கூடவே ஒரு சின்னக் கத்தியும் இருந்தால் கதை பொருந்தும். இரவு பத்து மணிக்கு மெட்ரோவில் கத்தி மட்டும் இருந்தால் பொருந்தாது. அதோடு ஈஃபிள் கோபுரம், பெரிய அருங்காட்சியகங்கள் என்று நீங்கள் பார்க்கப்போகிற இடங்களின் வாசலிலெல்லாம் பைச் சோதனை உண்டு. பாரிஸில் இருக்கிற நாட்களில் கத்தி ஓட்டல் பெட்டியிலேயே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

கொலோனுக்கு வருவோம். ஜெர்மன் ஆயுதச் சட்டத்தின் பிரிவு 42ஏ, ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்கிற கத்தியையும், 12 சென்டிமீட்டருக்கு மேல் பிளேடு உள்ள மடங்காத கத்தியையும் வெளியில் எடுத்துப்போகத் தடை செய்கிறது. மீறினால் 10,000 யூரோ வரை அபராதம். பூட்டு மட்டும் இருந்து திறக்க இரண்டு கை தேவைப்பட்டாலோ, ஒரு கையால் திறந்தாலும் பூட்டு இல்லாவிட்டாலோ இந்தப் பிரிவு தொடாது. பிளேடின் பக்கவாட்டில் கட்டைவிரலுக்கென்று ஒரு குமிழோ ஓட்டையோ இருந்தால் ஒரு கைக் கத்தி என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை. ‘சுவிஸ் ஆர்மி நைஃப்’ என்று உலகமே சொல்கிறதே, அந்தச் சுவிஸ் ராணுவம் 2009 முதல் தன் வீரர்களுக்குக் கொடுத்துவரும் உண்மையான கத்தி ஒரு கையால் திறப்பது, பூட்டிக்கொள்வது. கடையில் ராணுவ மாடலே வேண்டும் என்று கேட்டு வாங்கினால், எல்லை தாண்டியதும் கொலோனில் அது தடை செய்த வகை, லண்டனிலும் அப்படியே. சாதாரண சிவப்புக் கத்திதான் நமக்கு நல்லது.

2024 ஆகஸ்டில் ஜோலிங்கன் நகரத் திருவிழாவில் நடந்த கத்திக்குத்துக்குப் பிறகு ஜெர்மனியில் விதிகள் இறுகிவிட்டன. கொலோனிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஊர் அது. கத்தி செய்வதற்கே பேர் போனது. ஸ்விலிங் கம்பெனி 1731இல் தொடங்கியது அங்கேதான். அந்த அக்டோபர் மாதக் கடைசியில் வந்த திருத்தத்தின்படி, திருவிழா, கிறிஸ்துமஸ் சந்தை போன்ற பொது நிகழ்ச்சிகளில் கத்தியே கூடாது, நீளம் எதுவானாலும். தொலைதூர ரயில்களிலும் கூடாது. பல நகரங்கள் நிலையங்களிலும் உள்ளூர் வண்டிகளிலும் தனித் தடை போட்டிருக்கின்றன. ஆனால் உடனே எடுக்க முடியாதபடி வைத்துக் கொண்டுபோகலாம். அதற்குச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: கத்தி கைக்கு வர மூன்றுக்கு மேற்பட்ட செயல்கள் வேண்டும். பெட்டியின் பூட்டைத் திறந்து, ஜிப்பைத் திறந்து, துணிகளுக்கு நடுவே இருக்கிற டப்பாவை எடுத்து, அந்த டப்பாவைத் திறந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸிலிருந்து கொலோன், கொலோனிலிருந்து சுவிட்சர்லாந்து இரண்டும் ரயில்தான் என்றால் உங்களுக்கு இது நேராகவே பொருந்தும். தோள்பையின் முன்ஜிப்பில் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள்.

சுவிட்சர்லாந்தில் பூட்டில்லாத சாதாரணப் பேனாக்கத்தியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஏரிக்கரையில் உட்கார்ந்து பழம் நறுக்கலாம்.

சரி, எதை வாங்குவது? முதலில் கடைக்காரரிடம் பூட்டில்லாத மாடல் என்று கேளுங்கள். அவர் தருவதைத் திறந்து, பிளேடின் முதுகில், கூர் இல்லாத பக்கத்தில், உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். கைப்பிடிக்குள் இருக்கிற முதுகு ஸ்பிரிங் ஒரு கட்டம் வரை எதிர்த்து நிற்கும். பிறகு விட்டுக்கொடுத்து பிளேடு உள்ளே போகும். வேறு எதையும் தொடாமல் இது நடந்தால் சரியான கத்தி. பக்கவாட்டில் ஒரு மெல்லிய தகட்டைத் தள்ள வேண்டியிருந்தால், பின்னால் ஒரு கட்டையை அமுக்க வேண்டியிருந்தால், கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்ப வேண்டியிருந்தால் அது பூட்டு, கீழே வைத்துவிடுங்கள். திறக்கும்போது பிளேடில் நகம் வைத்து இழுக்கிற பள்ளம் இருக்க வேண்டும், இரண்டு கையும் தேவைப்பட வேண்டும். பிறகு ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் கைப்பிடி முடிகிற இடத்திலிருந்து நுனி வரை அளந்துகொள்ளுங்கள். லண்டன் கூர்ப்பகுதியை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. இந்த அளவு அதைவிடச் சற்றுக் கூடுதலாக வருவதால் எந்த ஊரிலும் வாதத்துக்கு இடமிருக்காது.

விக்டோரினாக்ஸில் 91 மில்லிமீட்டர் கைப்பிடி உள்ள ஸ்பார்ட்டன் போன்றவற்றுக்குப் பூட்டு கிடையாது. பிளேடு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். லண்டனுக்கும் கொலோனுக்கும் சரியாக வரும்; ஆப்பிளை ஒரே வெட்டில் இரண்டாக்கலாம். அதே கம்பெனியின் 111 மில்லிமீட்டர் பெரிய கத்திகளில் பூட்டு இருக்கும், அந்தப் பக்கம் போகாதீர்கள். 58 மில்லிமீட்டர் கிளாசிக் என்பது சாவிக்கொத்தில் தொங்குகிற அளவு: ஒரு குட்டி பிளேடு, ஒரு கத்தரிக்கோல், நகம் ராவுகிற அரம், முள்ளிடுக்கி, பல்குச்சி. மாத்திரை அட்டைக்கும் பார்சல் கயிற்றுக்கும் அந்தக் கத்தரிக்கோல் பிளேடை விட மேல். பெரிய கொய்யாவை மட்டும் அதால் நேராக வெட்ட முடியாது. சுற்றிவரக் கீறிவிட்டு இரண்டு கையாலும் திருக வேண்டும். பழகிவிடும்.

பிரெஞ்சுக் கத்திகளில் ஓபினெல் அழகானது, மரக் கைப்பிடி, விலையும் அதிகமில்லை. ஆனால் எண் பார்த்து வாங்க வேண்டும். எல்லோர் கையிலும் இருக்கிற 8ஆம் எண்ணின் பிளேடு எட்டரை சென்டிமீட்டர். 1955இல் இந்தக் கம்பெனி சேர்த்த பூட்டு வளையமும் அதில் இருக்கிறது. லண்டனுக்கு அது இரண்டு விதத்தில் தப்பு. 4ஆம் எண்ணுக்கு 5 சென்டிமீட்டர் பிளேடுதான், வளையம் இல்லை. பாரிஸில் நினைவுப்பொருளாக வாங்கினால் அதை வாங்குங்கள்.

பல கருவி சேர்ந்த லெதர்மேன் போன்றவற்றில் எச்சரிக்கை தேவை. வேவ் மாடலின் பிளேடு வெளிப்பக்கமே ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும். இடுக்கி இருப்பதால் அது வெறும் கருவிதானே என்று கேட்டால் லண்டனிலும் கொலோனிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து, விமானம். சென்னையிலிருந்து கிளம்பும்போது எந்தக் கத்தியும் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டிதான். ஐரோப்பிய யூனியன் விதிப்படி 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பிளேடு மட்டுமே கேபினில் தடை என்று யாராவது சொல்வார்கள். அது உண்மை. ஆனால் அந்த விதியை நம்பி இந்திய விமான நிலையத்திலோ பிரிட்டன் விமான நிலையத்திலோ வாதாடினால் கத்தி தொட்டிக்குள் போகும். உங்கள் பயணத்தில் பொறி இருப்பது வேறு இடத்தில். லண்டனுக்குப் பெரிய பெட்டியோடு வந்திருப்பீர்கள். பத்து நாள் ஐரோப்பாவுக்கு மகள் மலிவு விமானத்தில், கைப்பை மட்டும் போதும் என்று டிக்கெட் போட்டிருப்பாள். அப்போது கத்தி எதில் போகும்? மகளிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். செக்-இன் பெட்டி இல்லை என்றால் அந்தப் பத்து நாளுக்குக் கத்தி லண்டன் சமையலறையில் இருக்கட்டும். சுவிட்சர்லாந்தில் புதிதாக ஒன்று வாங்கினாலும் திரும்பும் விமானத்தில் இதே சிக்கல்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

ஜப்பான். எல்லா ஊருக்கும் ஒரே கத்தி கேட்டிருந்தீர்கள். அளவை மட்டும் பார்த்தால் கிளாசிக் என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானின் துப்பாக்கி, வாள் சட்டப்படி 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பிளேடைத் தக்க காரணமின்றி எடுத்து நடந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம். அப்படியானால் ஐந்தரை இருந்தால் பரவாயில்லையே என்று நினைப்போம். அதற்குக் கீழே இன்னொரு வலை இருக்கிறது: சிறு குற்றங்கள் சட்டம். தக்க காரணமின்றிக் கத்தியை மறைத்து வைத்திருந்தால், நீளம் எவ்வளவாக இருந்தாலும், அதன்படி நடவடிக்கை எடுக்கலாம். பையில் இருந்தாலே மறைவுதான். ஒசாகாவில் ஒருவர் பையில் பலகருவிக் கத்தி வைத்திருந்தார். நிலநடுக்கம் மாதிரி ஏதாவது வந்தால் உதவும் என்பது அவர் சொன்ன காரணம். 9,900 யென் தண்டம் விதித்தார்கள், 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தொகை சின்னதாகத் தெரியும். அந்தச் சட்டப்படி விதிக்கக்கூடிய தண்டமே பத்தாயிரம் யென்னுக்குக் கீழேதான். ஏறக்குறைய உச்சத்தையே விதித்திருக்கிறார்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்பது அங்கே தக்க காரணம் இல்லை. நம்மில் பலர் கத்தி வைத்திருப்பதே அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

அதனால் டோக்கியோவுக்குக் கத்தி வேண்டாம். மகன் வீட்டுச் சமையலறையில் நறுக்கி டப்பாவில் போட்டு எடுத்துப்போங்கள். மறந்தால் தெருமுனைக் கடையிலேயே நறுக்கின பழம் கிடைக்கும். கப்பாபாஷி தெருவில் சமையல் கத்தி வாங்காமல் நம் பெண்கள் திரும்புவதில்லை. வாங்கலாம், அது தக்க காரணம்தான். கடையில் கட்டித் தருகிற பெட்டியைப் பிரிக்காமல், ரசீதோடு, நேராக வீட்டுக்குக் கொண்டுபோங்கள். 2019 ஏப்ரல் முதல் அங்கே ரயில்களில் சரியாகக் கட்டாத கத்தியைக் கொண்டுபோகக்கூடாது. புல்லட் ரயிலில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து பக்கத்து சீட்டுக்காரருக்குக் காட்டுகிற வேலை வேண்டாம்.

டோக்கியோ போகும் வழியில் சிங்கப்பூரில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்குகிற யோசனை இருந்தால், அதுவும் கத்தி இல்லாமல் இருப்பதற்கு இன்னொரு காரணம். நியாயமான நோக்கமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் அங்கே சிறையோடு பிரம்படியும் உண்டு.

இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பிரிட்டனில் 2024 செப்டம்பரில் ஒரு வகைக் கத்திக்கும், 2025 ஆகஸ்டில் இன்னொரு வகை வாளுக்கும் தடை வந்தது. உங்கள் பேனாக்கத்திக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள் மகளிடம்.

அப்புறம் அரிவாள்மனை. உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள், எடுத்துப்போகலாம். அது சமையல் சாமான். தடை செய்த ஆயுதங்களின் பட்டியலில் இல்லை. செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. பலகையோடு மடங்குகிற வகையாக வாங்கினால் பெட்டியில் இடமும் மிச்சம். கூர்வாயில் நீளவாக்கில் பிளந்த ரப்பர் குழாயை மாட்டி, மேலே தடித்த அட்டை சுற்றி, டேப் ஒட்டி, பழைய துண்டில் பொதிந்து பெட்டியின் நடுவில் வையுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கிற ஊழியரின் விரல் முக்கியம். ஹீத்ரோவில் கேட்டால் காய் நறுக்க, தேங்காய் துருவ என்று சொல்லலாம். துருவுகிற பல் முனையில் இருந்தால் அதுவே சாட்சி. அங்கிருந்து மகள் வீட்டுக்கு நேராகப் போங்கள். வழியில் கோயிலுக்குப் போய்விட்டு, நண்பர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு என்று பெட்டியை இழுத்துக்கொண்டு சுற்ற வேண்டாம். எடை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறுகாயும் பொடியும் சேர்ந்தால் 23 கிலோ சீக்கிரம் தாண்டிவிடும்.